கல்லுக்கும் சிலைக்கும் இடையே

திருவனந்தபுரத்தில், நாள் முழுவதும் தேங்காய் உடையும் ஓசை ஓயாத பழவங்காடிக் கணபதி ஆலயத்தைத் தாண்டி, கிழக்குக் கோட்டை வாயிலினூடே மேற்கு நோக்கிச் சிறிது நடந்து, பத்மதீர்த்தக் கரையைக் கடந்து பத்மநாபஸ்வாமி கோயிலுக்குள் புகுகின்ற ஒருவர், தென்னாட்டுக் கற்பணி தன் முதிர்ந்த பருவத்தில் நிகழ்த்திய சாதனைகள் சிலவற்றை ஒரே வளாகத்தில் காண்கிறார். 1686-ஆம் ஆண்டுத் தீயில் பெரும்பகுதி அழிந்துபோன இக்கோயிலை, 1729-இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்ம மகாராஜா புதுக்கிக் கட்டியபோது, கருவறையின் முன்னே உள்ள ஒற்றைக்கல் மண்டபத்துக்காக, நகரையடுத்த திருமலையிலிருந்து 20 அடிச் சதுரமும் இரண்டரை அடிக் கனமும் உள்ள ஒரே பாறைப் பலகை வெட்டிக் கொணரப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் அதன் எடை ஏறத்தாழ 75 டன் ஆகிறது. சுற்றுப் பிராகாரமாகிய சீவேலிப்புரையின் கற்பணியில் 4,000 கல்தச்சர்களும் 6,000 கூலியாட்களும் 100 யானைகளும் ஆறு மாத காலம் உழைத்தனர் என்று கோயில் வரலாறு எழுதினோர் மரபுச் செய்தியாகக் குறிப்பிடுகின்றனர். அடுத்து ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில் (1758–1798) எழுந்த குலசேகர மண்டபத்திலோ, தட்டினால் ஸ்வரம் எழுப்பும் சிறு கம்பங்களைத் தம்முள் அடக்கிய தூண்கள் நிற்கின்றன.

கல்லின் அளவு தெரிகிறது. ஆட்களின் தொகை தெரிகிறது. யானைகளின் தொகைகூடத் தெரிகிறது. ஆயினும் அந்த நாலாயிரவருள் ஒருவனாக உளியெடுத்த ஓர் இளைஞன், பிராகாரத்தின் முதல் தூணில் தீபம் ஏந்திய பாவையைச் செதுக்கியபோது எங்கே தடுமாறினான், பல தூண்களுக்கு அப்பால் அதே பாவையைச் செதுக்குகையில் அவனது கை எதைக் கற்றிருந்தது, மூத்தவர் வந்து நின்று எந்த இடத்தில் போதும் என்றார் என்பனவெல்லாம் வரலாற்று நூல்கள்வரை வந்து சேரவேயில்லை. கோயில் கணக்கு செலவைப் பதிவு செய்தது. கல்வெட்டு தானத்தைப் பதிவு செய்தது. கலையின் ஆக்கம் எந்த ஏட்டிலும் இடம் பெறாமல், செய்தவன் உடலோடு போயிற்று. கல்லின் இயல்பே இதற்கு ஒரு காரணம். களிமண்ணிலும் சாந்திலும் வேலை செய்பவன் சேர்த்துச் சேர்த்து உருவம் காண்கிறான்; கல்தச்சனோ நீக்கி நீக்கியே காண்கிறான். ஒவ்வொரு நிலையும் தனக்கு முந்திய நிலையை அழித்துத்தான் பிறக்கிறது. ஆதலால் கற்சிற்பத்தில் பதிவு செய்யப்பட வேண்டியது முடிந்த சிலையைக் காட்டிலும், அது முடிவதற்கு முன் இருந்து மறைந்த நிலைகளே என்பதும், அந்நிலைகளில் சிற்பி எடுத்த தீர்மானங்களே அவனது வளர்ச்சியின் உண்மையான சரித்திரம் என்பதும் என் துணிபு.

இதனைத் திருவனந்தபுரத்தை முன்னிட்டுச் சொல்வதற்குத் தக்க நியாயம் உண்டு. சிற்பத்தைப் பற்றிய நூலறிவை இந்நகரைப்போல் ஆர்வத்துடன் திரட்டிய நகரங்கள் இந்தியாவில் மிகச் சில. திருநெல்வேலியை அடுத்த தருவையில் பிறந்து, இங்கே கீழைச் சுவடித் துறையின் தலைவராக அமர்ந்த மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரிகள், திருவனந்தபுரம் ஸம்ஸ்கிருத நூல்வரிசையில் 'மயமத'த்தை 1919-லும், கேரளத்தில் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் இயற்றிய 'சில்பரத்ன'த்தின் முதற்பகுதியை 1922-லும் அச்சேற்றினார். திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய து. அ. கோபிநாத ராவ், இந்து விக்கிரகவியல் பற்றிய தம் பெருநூலை 1914-லும் 1916-லும் வெளியிட்டார். படிமங்களின் உறுப்பளவு முறையாகிய தாலமானத்தை ஆராய்ந்து அவர் எழுதிய தனிநூல் 1920-இல் தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியீடாக வந்தது. உத்தம தசதாலத்தில் அமையும் திருவுருவம் 124 அங்குலமாகப் பகுக்கப்படும் என்பதும், நவதாலத்தில் அது 108 ஆகும் என்பதும், முகம் எத்தனை, கழுத்து எத்தனை, மார்பிலிருந்து நாபிவரை எத்தனை என்பதும் கற்றோர் அனைவருக்கும் எளிதில் கிட்டும் அறிவாயின. நன்றியோடு நினைக்க வேண்டிய தொண்டு இது. எனினும் சாஸ்திரம் சொல்வது சிலை சென்றடைய வேண்டிய இடத்தை. வழியை அது சொல்வதில்லை. மாணவன் சில்பரத்னம் முழுவதையும் மனனம் செய்துவிட்டாலும், கருங்கல்லின் முன் உளியுடன் அமர்ந்த முதல் நாளில், எங்கே முதலில் அடிப்பது என்பதற்கு அவனுக்கு அதில் விடை இராது.

அவ்விடை எத்தகையது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டலாம். சதுரித்துச் சமப்படுத்திய கல்லின் முன்முகத்தில் முதலில் நடுக்கோடு போடுவார்கள். பிரம்மசூத்திரம் என்று நூல்கள் வழங்கும் இக்கோடு, உச்சியிலிருந்து மூக்கின் நடுவாகவும் நாபியின் நடுவாகவும் இறங்கிப் பீடத்தைத் தொடும். அதன் இருமருங்கும் தாலக் கணக்குப்படி குறுக்குக் கோடுகள் விழும். காவியால் உருவம் வரையப்படும். பக்கமுகங்களிலும் பக்கத்தோற்றம் வரையப்படும். பிறகு உளி இறங்குகிறது. உளி இறங்கிய கணமே கோடு போய்விடுகிறது. முன்முகத்தில் ஓர் அங்குலம் கழிந்தவுடன், அளவுக்கு ஆதாரமாயிருந்த வரைபடம் தூளாகிக் காலடியில் கிடக்கிறது; சிற்பி கயிற்றையும் மட்டத்தையும் எடுத்து, இப்போது மேடுபள்ளமாகிவிட்ட பரப்பின்மேல் நடுக்கோட்டை மீண்டும் போடுகிறார். மறுபடி செதுக்கினால் மறுபடி அழிகிறது, மறுபடி போடுகிறார். ஒரு திருவுருவம் முடிவதற்குள் இது பலமுறை நிகழும். இவ்வாறு மீட்டும் மீட்டும் கோடு போடுகையில்தான் சிற்பியின் புத்தி தொழிற்படுகிறது. முதற்கோடு சாஸ்திரத்தின் கோடு. பின்னர் வருபவை, கல்லில் எதிர்ப்பட்ட ரேகையையும், எதிர்பாராது தெறித்துப்போன சில்லையும், ஒருபுறம் சற்று மிகுந்துவிட்ட வெட்டையும் கணக்கிலெடுத்துக்கொண்டு, சாஸ்திரத்துக்கும் இந்தக் குறிப்பிட்ட கல்லுக்கும் இடையே செய்துகொண்ட உடன்படிக்கைகள். மூக்கின் நுனிக்கென விட்டுவைத்த இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால், ஒட்டவைக்க வழியில்லை. முகம் முழுவதையும் ஒரு நூலளவு உள்ளே தள்ள வேண்டும். முகம் உள்ளே போனால் கழுத்தும் தோளும் மார்பும் அதற்கிசையப் பின்வாங்க வேண்டும். முடிந்த சிலையைப் பார்ப்பவர் எவரும் இதை அறியமாட்டார். அறியாதவாறு செய்து முடிப்பதே அச்சிற்பியின் தேர்ச்சி.

குலசேகர மண்டபத்து இசைத்தூண்களில் இதே உண்மை வேறொரு விதத்தில் விளங்குகிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள், ஹம்பி விட்டலர் கோயிலின் தூண்களைச் சேதப்படுத்தாத சோதனை முறைகளால் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், அக்கம்பங்கள் உள்ளீடற்றவை அல்ல, கெட்டியான கல்லே என்றும், அவை தரும் ஓசை கம்பம் வளைந்து அதிர்வதால் எழுவது என்றும் காட்டினர். இருமுனையும் பிணைந்து நிற்கும் கம்பம் வளைந்து அதிரும்போது, அதன் கனம் குறையக் குறைய ஓசை தாழும்; நீளம் கூடக் கூடவும் தாழும் என்பது பௌதிக விதி. இவ்விதியைக் கல்தச்சனின் தொழிலோடு இணைத்துப் பாருங்கள். கம்பத்தை முழுநீளத்துக்கும் மெலியச் செதுக்கினாலும் ஓசை தாழும். கம்பங்களுக்கு இடைப்பட்ட பிளவை மேலும் கீழும் நீட்டினாலும் ஓசை தாழும். நீக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது என்ற நிலையில், தாழ்ந்துவிட்ட ஸ்வரத்தை உயர்த்த அவனிடம் எளிய உபாயம் இல்லை. ஆகவே சுருதி வேண்டுமென்றே அமைக்கப்பட்டது எனக் கொண்டால், அச்சிற்பி கம்பத்தைச் சற்றுப் பருமனாகவே விட்டு, தட்டிக் கேட்டு, சிறிது நீக்கி, மீண்டும் தட்டிக் கேட்டு, மேலிருந்து கீழாகவே ஸ்வரத்தை அணுகியிருக்க வேண்டும். இது என் ஊகமே. ஆனால் கல் வேறு வழியை எளிதில் அனுமதிப்பதில்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமென்பதை அவன் செவி எப்படிக் கற்றது, எத்தனை கம்பங்கள் அந்தக் கல்விக்கு இரையாயின என்பனவற்றை அத்தூண் நமக்குச் சொல்லாது. அது தருவது ஸ்வரம் மட்டுமே.

முடிந்த பணி மௌனம் சாதிக்கும் இடத்தில், முடியாத பணி பேசுகிறது. தமிழகத்துக் கற்சிற்ப முறையைப் பற்றி நாம் திட்டமாக அறிந்திருப்பவற்றுள் பெரும்பங்கு, ஏதோ காரணத்தால் கைவிடப்பட்ட பாறைகளிலிருந்தே கிடைத்தது. மாமல்லபுரத்தில் வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் மேற்பகுதியில் கூடு, சாலை முதலிய உறுப்புகளோடு தெளிவாக உருப்பெற்றும், அடிப்பகுதியில் வெறும் பாறையாகவும் நிற்கின்றன. பணி உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை. முற்றுப்பெறாத குகைகளின் சுவர்களில், பாறைப்பரப்பைச் சதுரம் சதுரமாக வகுத்து, சதுரங்களைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, நடுவில் எஞ்சிய மேடுகளைத் தட்டிப் பெயர்த்து, அவ்வாறு அடுக்கடுக்காக உட்புகுந்த முறை இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. பல்லவர் குடைவரைகளை நுணுகி ஆராய்ந்து 1964-இல் நூல் வெளியிட்ட கே. ஆர். சீனிவாசன் இம்முறையை விளக்கியிருக்கிறார். பெருந்தவக் காட்சியை மீண்டும் செதுக்கத் தொடங்கி இடையில் விட்ட பாறையும் அவ்வூரிலேயே இருக்கிறது. தெற்கே கழுகுமலையில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணியாகிய வெட்டுவான் கோயில், மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி முதலான அற்புத வடிவங்களைச் சிகரப் பகுதியில் தாங்கிக்கொண்டு, அடிப்புறம் நிறைவுறாமல் மலையின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றியுள்ள பாறையில் ஓடும் உளித்தடங்களின் திசையையும் ஆழத்தையும் நெருங்கி நின்று நோக்குகையில், கனத்த கூருளியால் கழித்தவர் இன்னார், மெல்லிய உளியால் பரப்பைச் சீராக்கியவர் இன்னார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டாலும், இருவேறு கைகள் என்றாவது பிரித்துணர முடிகிறது.

இத்தகைய பாறைகளை வெறும் குறைப்பணிகளாகக் கருதிவந்த நோக்கு அண்மைக் காலத்தில் மாறியிருக்கிறது. மானிடவியலாளர் சாமுவேல் பார்க்கர், தற்காலச் சிற்பிகளோடு பழகிப் பெற்ற அறிவைக் கொண்டு, மாமல்லபுரத்து முற்றுப்பெறாமை பற்றி 2001-இல் எழுதிய கட்டுரையில், 'முடிந்த கலைப்பொருள்' என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்கினார். கலை வரலாற்றறிஞர் வித்யா தெஹேஜியாவும், தாமே உளிபிடித்த சிற்பியான பீட்டர் ராக்வெல்லும் சேர்ந்து, இத்துணைக்கண்டத்தின் முற்றுப்பெறாத கற்பணிகளைத் தொகுத்தாராய்ந்து 2016-இல் ஒரு நூலே வெளியிட்டனர். ராக்வெல் போன்ற ஒருவர் உடனிருந்ததால்தான், ஒரு தடத்தைப் பார்த்து இது எந்த உளி, எந்தச் சாய்வில் பிடிக்கப்பட்டது, அடுத்து என்ன செய்திருப்பர் என்று சொல்லும் துணிவு அந்த ஆய்வுக்கு வாய்த்தது. கலையைப் பற்றிய ஆராய்ச்சியில் கைத்தொழில் அறிந்தவனைச் சாட்சியாக மட்டும் அழைக்காமல், ஆராய்ச்சியாளனாகவே அமர்த்த வேண்டும் என்பதற்கு இது நல்ல பிரமாணம்.

முற்றுப்பெறாத நிலைகளே பேசும் என்பதை அந்நிய நாட்டு வரலாறும் உறுதி செய்கிறது. எகிப்தில் அமார்னா நகரத்துச் சிற்பி துத்மோஸின் பட்டறையை 1912-இல் ஜெர்மானியர் அகழ்ந்தபோது, புகழ்பெற்ற நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலையோடு சாந்து அச்சுகளும் அரைகுறைத் தலைகளும் கிடைத்தன. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறை எப்படி நடந்தது என்பதை நாம் அறிவது முதன்மையாக அந்த அரைகுறைகளால்தான். இருபதாம் நூற்றாண்டிலோ, பாரிஸில் வாழ்ந்த ருமேனியச் சிற்பி பிரான்குசி, மான் ரேயின் உதவியோடு புகைப்படக் கலையைப் பயின்று, தம் பட்டறையையும் அதில் உருவாகிவந்த சிற்பங்களையும் தாமே படம்பிடித்து வைத்தார். பிறர் எடுத்த படங்களில் அவருக்குத் திருப்தியில்லை. எந்த ஒளியில், எதன் அருகே, எந்தக் கோணத்தில் அச்சிற்பம் காணப்பட வேண்டுமென்பதும் சிற்பியின் கருத்தில் ஒரு பகுதியே என்று அவர் கருதினார். பதிவு என்பது வேலைக்குப் புறம்பான ஒன்றாக இல்லாமல், வேலையைத் தானே எதிரில் நின்று நோக்கும் இரண்டாவது கண்ணாக அவருக்கு அமைந்தது. கற்சிற்பி தன் படைப்பை மிக அருகிலிருந்தே நாளெல்லாம் பார்க்கிறவன். அவனுக்கு அந்த இரண்டாவது கண்ணின் பயன் மற்றவர்களைவிட அதிகம்.

நம் நாட்டில் பதிவு முயற்சி இல்லாமற் போகவில்லை. மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி 1957-இல் தோன்றியது. அதன் தலைமைப் பொறுப்பை நெடுங்காலம் வகித்த வை. கணபதி ஸ்தபதி, வடமொழி நூல்களிலும் குலமரபிலும் சிதறிக் கிடந்த அளவைகளையும் இலக்கணங்களையும் தமிழில் தொகுத்து 1978-இல் 'சிற்பச் செந்நூல்' எழுதினார். தந்தையிடம் மகனும், மாமனிடம் மருமகனும் கேட்டறிந்து வந்த ஞானம் அச்சேறியது அதனால் விளைந்த பெரும்பயன். அவரே வடிவமைத்து, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் திறக்கப்பட்ட குமரிமுனைத் திருவள்ளுவர் சிலை, 38 அடிப் பீடமும் 95 அடி உருவமுமாக 133 அடி உயர்ந்து நிற்பது உலகறிந்தது. கரையிலுள்ள பட்டறைகளில் துண்டு துண்டாகச் செதுக்கி, கடல் கடத்தி, அடுக்கடுக்காக ஏற்றிப் பொருத்திய அப்பணியில், செதுக்கிய எவரும் முழு உருவத்தைத் தம் எதிரில் காண இயலாது. கன்னத்தின் ஒரு பகுதியைச் செதுக்குகிறவர் மற்றப் பகுதி வேறொரு கல்லில் வேறொருவர் கையில் உருவாகிக்கொண்டிருப்பதை நம்பியே வேலை செய்ய வேண்டும். அந்த நம்பிக்கை எவ்வாறு கட்டியமைக்கப்பட்டது, பொருந்தாத இடங்கள் எவ்வாறு பொருத்தப்பட்டன என்பவை இத்தலைமுறையின் கற்பணி அனுபவத்தில் மிக அரியவை. அப்பணியில் கைவைத்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியை வாங்கிக்கொள்வது அவசரமான கடமை.

திருவனந்தபுரத்தின் நவீன சிற்பம் பெரும்பாலும் வேறு பொருளில் வளர்ந்தது. சென்னைக் கலைப் பள்ளியிலும் லண்டன் ஸ்லேட் பள்ளியிலும் பயின்ற கானாயி குஞ்ஞிராமன், மலம்புழையில் யக்ஷியையும் சங்குமுகம் கடற்கரையில் சாகரகன்னிகையையும் கான்கிரீட்டில், பொதுமக்கள் கண்முன்னே நெடுநாள் உழைத்து உருவாக்கினார். அங்கே உருவாக்கமே ஒரு பகிரங்க நிகழ்ச்சி. கோயில் கற்பணியின் நிலை இதற்கு நேர்மாறானது. கேரளத்தில் அது இன்னும் ஒருபடி கடுமையானது. கருவறையில் பிரதிஷ்டை செய்யப்பட்ட மூர்த்தி, பெரும்பாலும் வஸ்திரமும் சந்தனக் காப்பும் மாலையுமாகவே காட்சியளிக்கும். அதன்பின் எந்த ஆராய்ச்சியாளனும் அளவுகோலோடு அணுக முடியாது, அணுக வேண்டுமென்று கேட்பதும் முறையன்று. ஆகையால் அச்சிற்பம் சிற்பமாகக் காணப்படும் காலம் பட்டறையில் அது கிடக்கும் காலம் ஒன்றே. முன்பு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த குமரி மாவட்டத்து மயிலாடியிலிருந்து இரு மாநிலத்துக் கோயில்களுக்கும் விக்கிரகங்கள் போகின்றன. அவ்வூர்க் கற்சிற்பங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். ஊரின் கையைக் காப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடு பெருஞ்செலவு பிடிப்பதன்று. ஒரே இடத்தில் நிலையாக நிறுத்திய ஒரு புகைப்படக் கருவி, பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழும் ஒளி, படத்தினுள்ளேயே தெரியும்படி வைத்த ஓர் அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டு நாளின் வேலை முடிவில் ஒரு படம் எடுத்துவந்தால், நடுக்கோடு எத்தனை முறை போடப்பட்டது, எந்தப் பகுதி எந்த வரிசையில் உருண்டது என்பவை தாமே வெளிப்படும். ஆனால் படம் மட்டும் போதாது. படத்தில் விளைவுதான் தெரியும், காரணம் தெரியாது. 'இன்று இடக்கையை ஏன் விட்டுவிட்டு முழங்காலுக்குப் போனீர்கள்?' என்ற கேள்விக்குச் சிற்பி சொல்லும் பதில், அவர் பேச்சிலேயே, அவர் வழங்கும் தொழிற்சொற்களோடு பதிவாக வேண்டும். உளி எத்தனை முறை உலைக்குப் போய்க் காய்ச்சித் தோய்க்கப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். கல்லின் கடினத்தைப் பற்றி அதைவிட நேர்மையான அளவு வேறில்லை. கைவிடப்பட்ட கல்லையும் தவறாது படமெடுக்க வேண்டும். பட்டறையின் பின்புறத்தில் ரேகை வெடித்துக் கிடக்கும் துண்டை எவரும் பொருட்படுத்துவதில்லை. அடுத்த தலைமுறைக்கு அதுவே சிறந்த பாடமாயிருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் தடைகளுள் சில நியாயமானவை. கூலிக்கு வேலை செய்பவருக்குப் பதிவுக்குச் செலவாகும் நேரம் நஷ்டம். அதற்குரிய ஊதியத்தைப் பணிகொடுப்போரோ அரசோ ஏற்றாக வேண்டும். தம் மாதிரியைப் பிறர் எடுத்துக்கொள்வர் என்ற அச்சமும் அடிப்படையற்றதன்று. தெய்வத் திருவுருவைக் குறைநிலையில் காட்டலாகாது என்ற உணர்வோ மதிக்கத்தக்கது. கண் திறப்புச் சடங்கு நடக்கும்போது கருவியை விலக்கிக்கொள்வதே மரியாதை. ஆகையால் பதிவேட்டின் மூலப்பிரதி சிற்பியின் வசமே இருக்க வேண்டும். எதை எப்போது யாருக்குக் காட்டலாம் என்று தீர்மானிப்பவர் அவராகவே இருக்க வேண்டும். கல்லூரியோ ஆவணக் காப்பகமோ அவருடைய எழுத்துபூர்வமான இசைவோடு நகல் பெற்று, அவர் குறித்த காலம்வரை மூடி வைக்கலாம்.

பதிவின் முதற்பயனும் ஆராய்ச்சியாளனுக்கு உரியதன்று. கொடிக்கருக்கில் தொடங்கிப் பல ஆண்டு பழகியபின் முதன்முறையாக முகம் செதுக்கக் கல் கொடுக்கப்பட்ட இளைஞன், தன் ஆசிரியர் அவருடைய இளமையில் செதுக்கிய முகத்தின் படங்களை நாள்வரிசைப்படி எடுத்து வைத்துக்கொண்டு, உதட்டின் ஓரத்துக்கு வருமுன் அவர் கன்னத்தை எத்தனை நாள் தொடாமல் விட்டிருந்தார் என்று கணக்கெடுக்கலாம். பிறகு தன் கல்லிடம் திரும்பிப் போய், கன்னத்தில் இன்னும் எவ்வளவு கல்லை விட்டு வைப்பது என்று தானே முடிவு செய்யலாம்.